கரிசலில் ஒரு பம்புசெட் அறை: இரண்டு தடவை நூல் பிடித்த கதை

எங்கள் தோட்டத்தில் நாற்பதடி இடைவெளியில் இரண்டு சின்ன அறைகள் நிற்கின்றன. ஒன்று 2021 சித்திரையில் கட்டியது, இன்னொன்று 2025 மாசியில். இரண்டுக்கும் செங்கல் ஒரே சூளை, சிமெண்ட் ஒரே கடை, கூரைத் தகரம்கூட ஏறக்குறைய ஒரே கனம். முதல் அறை கட்டின ஆறாவது மாதம் வெடிப்பு விட்டது, அடுத்த வருஷ மழையில் கதவு சாத்த முடியவில்லை, அதற்கும் அடுத்த வருஷம் உள்ளே வைத்திருந்த யூரியா மூட்டை கரைந்தே போனது. இரண்டாவது அறை இதுவரை ஒழுங்காக நிற்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், முதல் செங்கல் வைப்பதற்கு முன்னால் செய்த வேலைதான். முதல் அறைக்கு அது அரை நாள். இரண்டாவதற்கு, மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நாட்களையும் சேர்த்தால் ஐந்து மாதம். ஆகவே சுவர், பூச்சு, கூரை பற்றி இதில் அதிகம் இருக்காது. இடம் பார்த்தது, மண் பார்த்தது, நூல் பிடித்தது (சுவர் வருகிற கோட்டை நூல் கட்டித் தரையில் குறிப்பது), வானம் தோண்டியது (கடைக்கால், அதாவது அஸ்திவாரம் போடுகிற பள்ளம்), அவ்வளவுதான்.

தோட்டம் இருப்பது கங்கைகொண்டானைத் தாண்டி கயத்தாறு போகிற வழியில், நான்குவழிச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. 62 சென்ட், அப்பா காலத்து நிலம். திருநெல்வேலி என்றதும் தாமிரபரணி, வாழை, நெல் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். உளுந்து, சோளம், பருத்தி, எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை, காலுக்குக் கீழே கரிசல். நான் இருப்பது பாளையங்கோட்டையில், வாரத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக்குப் போவேன். அம்மா ஊரிலேயே இருக்கிறாள், தினமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி, உர மூட்டை, மருந்து தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், மண்வெட்டி கடப்பாரை, இதெல்லாம் வைக்க ஒரு அறை வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

முதல் அறை எப்படிப் பாழானது

சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் முழுவதையும் சொன்னால்தான் பிரயோஜனம். நிலத்தின் ஓரத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்த ஒரு மூலையை மெஷின் வைத்துச் சுத்தம் செய்தோம். பயிர் செய்கிற இடத்தைக் கெடுக்க வேண்டாம், சும்மா கிடக்கிற மூலைதானே என்று அங்கேயே அறையைக் கட்டச் சொல்லிவிட்டேன். வேலையை மொத்தமாக எடுத்தவர் ஒரு நாள் காலையில் வந்தார், வரப்புக்கு இணையாக ஒரு நூலைக் கட்டினார், மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கிற கருவி) வைத்து மற்ற மூன்று பக்கமும் இழுத்தார், பத்துக்குப் பன்னிரண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் வானம் தோண்ட ஆரம்பித்தாயிற்று. ஒன்றரை அடி ஆழம். சித்திரை வெயிலில் கரிசல் கடப்பாரைக்கு மசியாமல் கிடந்தது, ‘பாறை மாதிரி இருக்கு, இதுக்கு மேல எதுக்கு’ என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தப் பாறை ஐப்பசியில் களியானது. கரிசலின் குணமே அதுதான். அதிலுள்ள களிமண் தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும், சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பது இந்தச் சுருக்கத்தால்தான். எங்கள் நிலத்தில் ஒரு வெடிப்புக்குள் பருத்திமார்க் குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறேன், முழங்கை ஆழத்துக்கு மேல் போயிற்று. அந்த ஊதுகிற சுருங்குகிற மண்ணுக்குள்ளேயே ஒன்றரை அடியில் கடைக்காலை நிறுத்தினால், கட்டடம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கத்தான் செய்யும்.

பின்னாளில் இரண்டாவது அறைக்கு வந்த கொத்தனார் அண்ணாச்சியோடு அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தபோது மூன்று விதமான சேதம் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் ஒரே வியாதி என்று நினைத்திருந்தேன், அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்தார். கதவு கார்த்திகையில் இறுகிச் சித்திரையில் தானாகவே சரியாகிவிடும். அது மண் ஊதிச் சுருங்குவது, கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுந்து அங்கேயே இறங்குவதால் ஓரம் முதலில் தூக்குகிறது. ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிப்படியாக இறங்கிய வெடிப்பு மட்டும் எந்த மாதத்திலும் மூடவில்லை, வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே வந்தது. அந்த மூலைக்கு நேர் கீழே என்ன இருந்தது என்று கேட்டார். கருவேலத் தூரைப் பிடுங்கிய பள்ளம் இருந்தது. மெஷின்காரர் அதே மண்ணைத் தள்ளி மூடி, மேலே இரண்டு தடவை ஓட்டிவிட்டுப் போயிருந்தார். ஆக அந்த மூலை இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இடம் என்னவென்றால், மரம் இருந்தவரை வேர் உறிஞ்சிக் காயவைத்திருந்த களிமண், மரம் போன பிறகு ஈரத்தைத் திரும்பப் பிடித்து மெல்ல மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம், நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் என்ன செய்யும்.

மூன்றாவது சேதம் தண்ணீர். தரை மட்டம் வெளித்தரையைவிட நாலு அங்குலம்தான் உயரம். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனால் கரிசல் ஒரு அளவுக்குமேல் குடிக்காது. முதலில் வெடிப்பு வழியாக மடமடவென்று இழுக்கும், வெடிப்பு மூடிக்கொண்டதும் அப்படியே நிறுத்திக்கொள்ளும், அதற்கு மேல் வருவது முழுக்க ஓட்டம்தான். அந்த ஓட்டத்துக்கு நடுவில் எங்கள் அறை. நாலு யூரியா மூட்டை போயிற்று.

அளவுக்கோளாறு தனிக்கதை. கூரைத் தகரம் போடுகிற அன்றுதான் தெரிந்தது. ஒரு ஓரத்தில் தகரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, மறு ஓரத்தில் சுவரே மூடவில்லை, ஆசாரி முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி ஒட்டிச் சமாளித்தார். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் மூலைக்கு மூலை 15 அடி ஏழரை அங்குலம் இரண்டு பக்கமும் வர வேண்டும். நான் பிறகு அளந்தபோது ஒன்று 15 அடி பத்தரை, இன்னொன்று 15 அடி 4. அதாவது அறை நாலு அங்குலம் கோணல். மூலைமட்டத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். அது இரண்டடி நீளக் கருவி, இரண்டடியில் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினால் பதினாறடியில் ஒரு அங்குலம் ஆகிவிடும். மூலைமட்டமே கீழே விழுந்து வளைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மழை வரட்டும், பொறவு கூப்பிடுங்க

2024 ஆவணியில் இரண்டாவது அறைக்கு ஆள் பார்த்தேன். இந்த அண்ணாச்சி வேறு ஊர்க்காரர், கரிசல் காட்டிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வந்தார், காலால் மண்ணைத் தட்டினார், மேற்கே கொஞ்ச நேரம் பார்த்தார்.

‘தம்பி, தண்ணி எங்ஙன வந்து எங்ஙன போவுதுன்னு பாத்தியளா?’

‘இல்ல அண்ணாச்சி, இப்ப வெயில்தானே.’

‘அப்போ மழை வரட்டும். பொறவு கூப்பிடுங்க.’

அவ்வளவுதான், வண்டியை எடுத்துவிட்டுப் போய்விட்டார். வேலைக்கு வர மனசில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சரி என்று பத்து முளைக்குச்சி சீவி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு பெயிண்ட் கோடு போட்டு, மனதில் இருந்த மூன்று இடங்களிலும் அடித்து வைத்தேன். மழை விட்டதும் அம்மா போய்ப் பார்த்து போனில் சொல்லுவாள், ‘கிணத்துக்கிட்ட உள்ள கம்புல ரெண்டு கோடு, வேம்புக்கிட்ட ஒண்ணுமில்ல, கீழ உள்ளதுல கம்பையே காணோம் ஐயா’ என்று. நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கார்த்திகை முடிகிறபோது படம் தெளிவாகிவிட்டது. திருநெல்வேலிச் சீமையே மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சரிந்து கிடப்பது, எங்கள் 62 சென்டும் அதே போக்குத்தான். தண்ணீர் மேற்கு வரப்பில் ஒரு உடைப்பு வழியாக நுழைகிறது, நிலத்தின் குறுக்கே தென்கிழக்காக ஓடிப் பழைய அறை இருக்கிற மூலையில் தேங்குகிறது. அதனால்தான் அந்த மூலையில் கருவேலம் அப்படித் தழைத்திருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. மரம் எங்கே செழிப்பாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் நிற்கிறது என்பது என் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். இன்ஜினியரிங் படித்த எனக்கு நாலு மூட்டை யூரியா செலவானது.

மூன்று இடத்தில் ஒன்று தண்ணீரில் அடிபட்டது. வேம்புப் பக்கம் தண்ணீர் நிற்கவில்லை, நிழலும் இருந்தது, எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் களிமண் நிலத்தில் மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளிக் கட்டுவது நல்லது, வேர் உறிஞ்சுகிற பக்கம் மட்டும் மண் சுருங்கும். வேம்பு முப்பதடி. போதாததற்கு 11 கே.வி. உயர் அழுத்த மின்லைன் ஒன்று அந்தப் பக்கமாகத்தான் போகிறது. லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், கம்பி காற்றில் ஆடுவதையும் சேர்த்து. அதற்குள் தகரக் கூரையும் ஏணியும் வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. மிஞ்சியது கிணற்றுக்குத் தெற்கே உள்ள மேட்டு இடம். அங்கே பழைய மரம் எதுவும் இருந்ததில்லை என்று அம்மா உறுதியாகச் சொன்னாள்.

மண்ணை நானாகவே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஐ.எஸ். 2720 பகுதி 40 என்று இந்தியத் தர நிர்ணயத்தில் மண் ஊதலை அளக்க ஒரு முறை இருக்கிறது, வீட்டிலேயே செய்துவிடலாம். காய்ந்த மண்ணைப் பொடித்துச் சலித்து 10 கிராம், 10 கிராமாக இரண்டு அளவுக்குழாயில் போட வேண்டும், ஒன்றில் 100 மி.லி. வரை சுத்தத் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. ஒரு நாள் வைத்திருந்து, கீழே படிந்த மண் எத்தனை மி.லி. நிற்கிறது என்று பார்த்தால், தண்ணீரில் எவ்வளவு கூடுதலோ அதுதான் ஊதல். அவர்கள் 425 மைக்ரான் சல்லடை கேட்கிறார்கள், என்னிடம் இருந்தது மாவுச் சல்லடை, ஆகவே என் கணக்கு தோராயம்தான். (மண்ணெண்ணெய் தேடி அலைந்தது மண் சலித்ததைவிடப் பெரிய வேலை.) மண்ணெண்ணெயில் 11, தண்ணீரில் 20. அதாவது 82 சதவீதம். 50க்குள் இருந்தால் பயமில்லை, 100ஐத் தாண்டினால் ரொம்ப மோசம், நம்முடையது இடையில். அறைக்குள் நிரப்ப விலைக்கு வாங்குவதாக இருந்த சரளையும் (கல் கலந்த செம்மண்) அதே மாதிரி போட்டுப் பார்த்தேன், இரண்டு குழாயிலும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அந்த இரண்டு குழாயையும் அடுப்படி ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தபோதுதான், அறைக்கு உள்ளே உள்ள கரிசலை ஏன் எடுத்துப் போட வேண்டும் என்று அம்மாவுக்கே புரிந்தது. அதுவரை ‘நல்ல மண்ணைத் தோண்டி எடுத்துட்டு செம்மண்ணைக் காசு குடுத்து வாங்குவாளாக்கும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றுக்குப் பதினாறு

அளவு முடிவு பண்ணும்போது நான் பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றேன். அண்ணாச்சி மனையடிக் கணக்கில் பன்னிரண்டு ஆகாது என்றார், பதினொன்றும் பதினாறும் நல்லது, உள்கூட்டு அளவாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, சண்டை போடுகிற அளவுக்கு எதிர்ப்பும் இல்லை. தரை அளவு 180 சதுர அடிக்குப் பதில் 176, இதற்குப் போய் ஒரு நல்ல கொத்தனாரோடு மல்லுக்கு நிற்பானேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாகிவிட்டது. பதினொன்றுக்குப் பதினாறு என்றால் மூலைக்கு மூலை 19 அடி 5 அங்குலம், சுத்தமாக, துண்டு பின்னம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் சேர்த்தால் வெளியளவு பன்னிரண்டரைக்குப் பதினேழரை, அதற்கு மூலைக்கு மூலை 21 அடி 6 அங்குலம். இதுவும் சுத்தம். தளத்தில் நின்றுகொண்டு கால், அரை, அரைக்கால் என்று தடுமாறாமல் ஒரு முழு எண்ணைத் தேடி டேப்பைப் பிடிப்பது எவ்வளவு நிம்மதி என்பது பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திசைக்குக் காற்றுதான் காரணம். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கத்தில் என்ன பாடு படுத்தும் என்பதற்குக் காற்றாலைகளே சாட்சி. குறுகிய சுவரை மேற்கே காட்டி, நீளத்தைக் கிழமேலாகப் போட்டு, வாசலைக் கிழக்கே வைத்தோம். கிழக்கு வாசல் அம்மாவுக்கும் சரி, காற்றுக்கும் சரி.

நூல் பிடித்த அன்று

தை கடைசியில் ஒரு நாள், காலை ஆறு மணி. ஆறு மணிக்கே வரச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, வெயில் ஏறக் காற்றும் ஏறும், பதினேழரை அடி நூல் காற்றில் வில் மாதிரி வளைந்து அரை அங்குலம் ஏமாற்றிவிடும். நைலான் நூல்தான், சணலும் பருத்திக் கயிறும் பனியில் நனைந்து தொய்ந்துவிடும். டேப் இரும்பு. துணி டேப் இழுத்த இழுப்புக்கு வரும்.

முதலில் எதற்கு இணையாகப் போடுவது என்ற கேள்வி. வரப்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், போன தடவை வரப்பை நம்பித்தான் மோசம் போனேன், வரப்பு எந்தக் காலத்தில் நேராக இருந்திருக்கிறது. புல வரைபடத்தின்படி தெற்கு எல்லையில் இரண்டு சர்வே கல் உண்டு. ஒன்று தெரிந்தது, இன்னொன்று மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, தோண்டிக் கண்டுபிடித்தோம். அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் ஒரு நூல் கட்டி, அதிலிருந்து உள்ளே ஆறடி தள்ளித் தெற்குச் சுவரின் வெளிக்கோடு. இதுதான் மூல நூல், இதை அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது.

முளைகளை அண்ணாச்சி மூலையிலேயே அடிக்கவில்லை. ஒவ்வொரு மூலையிலிருந்தும் நாலடி வெளியே தள்ளி, இரண்டு முளை அடித்து மேலே குறுக்கே ஒரு பலகைத் துண்டு, பலகையில் ஆணி, ஆணியில் நூல். மூலை என்பது இரண்டு நூல் ஒன்றையொன்று வெட்டுகிற இடம், அங்கே முளை கிடையாது. முதல் அறையில் மூலையிலேயே முளை அடித்திருந்தார்கள், வானம் தோண்டியதும் முளையும் போயிற்று, அளவும் போயிற்று, அப்புறம் கண்மதிப்புத்தான். வெளியே பலகை இருந்தால் நூலை அவிழ்த்து வைத்துவிட்டுத் தோண்டலாம், எப்போது வேண்டுமானாலும் அதே ஆணியில் திரும்பக் கட்டிப் பார்க்கலாம். எட்டுப் பலகை, பதினாறு முளை, ஒரு மணி நேர வேலை.

சதுரம் பிடிக்க ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. பக்கங்கள் இந்த விகிதத்தில் இருந்தால் மூலை செங்கோணமாக வரும் என்கிற மூணு நாலு அஞ்சு கணக்கின் மூன்று மடங்குதான், ஆனால் எவ்வளவு பெரிய முக்கோணமாக எடுக்கிறோமோ அவ்வளவு பிசகு குறையும். மூல நூலில் பன்னிரண்டடி, குறுக்கு நூலில் ஒன்பதடி, இரண்டுக்கும் நடுவில் பதினைந்து வருகிறவரை குறுக்கு நூலை நகர்த்துவது. நாலு நூலும் கட்டி முடித்து மூலைக்கு மூலை இழுத்தோம். அண்ணாச்சி மூலைகளை இடம் வலம் என்று சொல்லுவதில்லை, கன்னி மூலை (தென்மேற்கு), அக்னி மூலை (தென்கிழக்கு), வாயு மூலை (வடமேற்கு), ஈசான மூலை (வடகிழக்கு) என்றுதான் சொல்லுவார். வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எதிரெதிரே நின்றுகொண்டு ‘உங்க இடமா என் இடமா’ என்று கத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

கன்னி மூலைக்கும் ஈசான மூலைக்கும் 21 அடி ஏழே முக்கால். வாயு மூலைக்கும் அக்னி மூலைக்கும் 21 அடி நாலேகால். வித்தியாசம் மூன்றரை அங்குலம். முக்கோணம் போட்டும் இவ்வளவா என்று எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால் ஒன்பதடிக் குறியை வைத்த பையன் நூலில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்திருந்தான், நூலை இறுக்கியபோது முடிச்சு நகர்ந்திருக்கிறது. அண்ணாச்சி சத்தம் போடவில்லை, மூல நூலைத் தொடவும் இல்லை. கிழக்கு நூலுக்கும் மேற்கு நூலுக்கும் வடக்கு முனையில் உள்ள ஆணியைப் பிடுங்கி, இரண்டையும் ஒரே அளவு மேற்கே தள்ளி அடித்தார். திரும்ப இழுத்தோம். 21 அடி 6, 21 அடி 6. டேப்பைச் சுருட்டப் போனவரை நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கங்களையும் ஒரு தடவை அளந்துவிடலாம் என்றேன். மூலைக்கு மூலை சரியாக இருந்து, தெற்குப் பக்கம் பதினேழரையும் வடக்குப் பக்கம் பதினேழேகாலுமாக இருந்தாலும் டேப் ஒன்றும் சொல்லாது, அறை முறம் மாதிரி ஆகியிருக்கும். இரண்டும் பதினேழரைதான். ‘இப்ப திருப்தியா’ என்று சிரித்தார்.

மட்டத்துக்கு டியூப் பிடித்தோம். அரை அங்குலக் கண்ணாடி டியூப், உள்ளே தண்ணீர், தெரிவதற்குத் துளி மஞ்சள்பொடி. கிணற்றுச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு அதையே எல்லாவற்றுக்கும் ஆதாரமாக வைத்தோம், ஏனென்றால் அந்தக் கிணறு அசையாது. முதல் தடவை கிழக்குப் பலகையில் வந்த அளவும் இரண்டாம் தடவை வந்த அளவும் முக்கால் அங்குலம் வேறுபட்டது. டியூபைத் தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டே போனபோது நடுவில் ஒரு மடிப்பில், உளுந்தளவு காற்றுக்குமிழ் ஒன்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. டியூபை உயர்த்தித் தட்டித் தட்டி அதை வெளியேற்றியதும் இரண்டு அளவும் ஒன்றாயிற்று. மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் தரை ஏழு அங்குலம் இறக்கம். கண்ணுக்கு அது தட்டையான இடம்தான், சத்தியம் பண்ணியிருப்பேன். தரை மட்டத்தை உயர்ந்த பக்கமான மேற்கிலிருந்து கணக்கெடுத்து ஒன்றரை அடி என்று வைத்தோம், ஆக கிழக்கே பேஸ்மட்டம் இரண்டடி ஒரு அங்குலம் தெரியும்.

கோடு போட்டது ஒரு கூத்து. சுண்ணாம்பு வாங்க மறந்துவிட்டேன், அம்மா வீட்டிலிருந்து கோலமாவு எடுத்து வந்தாள். அரிசி மாவுக் கோலம். மறுநாள் தோண்ட ஆள் வருவதற்குள் எறும்பு பாதிக் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பலகையும் ஆணியும் இருந்ததால் பத்து நிமிஷத்தில் திரும்பப் போட்டோம், இந்தத் தடவை சுண்ணாம்பு.

வானமும் நிரப்பும்

வானம் இரண்டரை அடி அகலம். கரிசலைத் தாண்டிக் கெட்டி வருகிறவரை போக வேண்டும் என்பதுதான் பேச்சு, ஆழம் எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசவில்லை, அடிக்கு இவ்வளவு என்று கூலி. மேற்கே நாலடியில் கடப்பாரை ‘ணங்’ என்றது, வெள்ளைச் சுக்கான் (சுண்ணாம்புக் கல்). கிழக்கே மூன்றரை அடிக்கு ஒரு அங்குலம் குறைவிலேயே வந்துவிட்டது. மேலே ஏழு அங்குலச் சரிவு, கீழே சுக்கான் மட்டமாகவே படுத்திருந்தது, அதனால் படி வெட்ட வேண்டிய வேலை மிச்சம். சுக்கான் அகப்படாத இடமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், அப்போது கடைக்காலே வேண்டாம், குழி போட்டுத் தூணில் நிறுத்திவிடலாம் என்றார். பெரிய கட்டடங்களுக்கு அடியில் குமிழ் விட்ட பைல் போடுகிற முறை உண்டு, ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தது. ஒரு பம்புசெட் அறைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் ஆறு அங்குலம், மேலே கருங்கல் கட்டு, அதற்கு மேல் நாலு கம்பி வைத்துச் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட். உள்ளே இரண்டடிக் கரிசலை எடுத்து உளுந்து போடுகிற இடத்தில் பரப்பிவிட்டோம். தரைக்குமேல் ஒரு அடி, கீழே இரண்டடி, ஆக மூன்றடிக்குச் சரள். 176 சதுர அடிக்கு 528 கன அடி, அமுங்குகிற கணக்குக்கு முப்பது சதவீதம் சேர்த்தால் 686, ஏழு யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்) சொன்னேன். லாரிக்காரர் ‘இவ்வளவு சின்ன ரூமுக்கா’ என்றார். ஆறு அங்குலத்துக்கு ஒரு படலம், தண்ணீர் தெளித்து, வாடகைக் காம்பாக்டரால் இரண்டு ஓட்டம், ஓரத்தில் மெஷின் போகாத இடத்தில் கையால் இடிக்கிற திமிசுக்கட்டை. ஆறு படலம், இரண்டு நாள். ஒரே தடவையில் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் கட்டினால் போதும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார், அவர் அறைத் தரையையும் போய்ப் பார்த்தேன், நடுவில் குழி விழுந்து கிடந்தது, ஆகவே மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தளம், வெளிப்பக்கமாகச் சாய்த்து, கூரைத் தண்ணீர் அதன்மேல் விழுந்து தள்ளிப் போகிற மாதிரி. மேற்கு வரப்பு உடைப்பை அடைக்கவில்லை, அடைத்தால் வேறு இடத்தில் உடைக்கும், அறைக்கு இருபதடி முன்னாலேயே ஒரு சின்ன ஓடை வெட்டித் தண்ணீரை வடக்கே திருப்பினோம். எனக்குத் தெரிந்து மொத்த வேலையிலும் மலிவானது அந்த ஓடைதான், ஒரு ஆள், ஒரு நாள்.

2025 மழைக்காலம் ஒன்றைத் தாண்டியாயிற்று. கதவு கார்த்திகையிலும் ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிறது. சுற்றுத் தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் வடக்குப் பக்கம் ஒரு இடைவெளி விட்டிருக்கிறது, தீக்குச்சி நுழைகிற அகலம், தாரை உருக்கி ஊற்றியிருக்கிறேன். தளம் கரிசல்மேல் சும்மா படுத்திருப்பது, அது ஏறி இறங்கத்தான் செய்யும், சுவரோடு சேர்த்துப் பூசாமல் தனியாக விட்டதே அதற்காகத்தான் என்று அண்ணாச்சி சொல்கிறார். இருந்தாலும் அந்த இடத்தில் பென்சிலால் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு குறை, பி.வி.சி. பைப் ஆறு மீட்டர், அதாவது 19 அடி 8 அங்குலம், அறையின் மூலைக்கு மூலை 19 அடி 5. படுக்கப் போட்டால் மூன்று அங்குலம் இடிக்கிறது, ஒரு முனையைச் சுவரில் தூக்கிச் சார்த்தித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டுக்குப் பதினைந்திலும் நுழைந்திருக்காது, பார்த்துவிட்டேன்.

பழைய அறையை இடிக்கவில்லை. கதவைக் கழற்றி விற்றாயிற்று, அம்மா அதில் மூன்று ஆடு கட்டியிருக்கிறாள்.